ஒரு மூச்சுக்கு எத்தனை சொல்

போன மாதம் எங்கள் பழைய மருத்துவமனையிலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்டுகள். நுரையீரல் நோயாளிகளுக்கு இனிமேல் கைப்பேசி வீடியோ வழியாகவே பயிற்சியாம். நேரில் போவது முதல் தடவை மட்டும்தானாம். "மேடம், நீங்க வாரா வாரம் வண்டிய எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனீகளாமே, அங்க போயி அப்படி என்னதான் செஞ்சீக?" என்று ஒருத்தி கேட்டாள். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காபி கொடுத்து, ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முக்கியமாக வள்ளிக்கண்ணு அக்கா வந்தார்.

மதுரையில் படித்தேன். காரைக்குடிக்கு வந்து வெகுகாலம் முழங்கால், தோள்பட்டை, முதுகுவலி என்றே ஓடியது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் என்னை நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூச்சுக்கு எதற்கு பிசியோதெரபி என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் நான் வணக்கம் சொன்னதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்ட்ராவை எடுத்து நீட்டினார். "மூக்கைப் பிடிச்சுக்குங்க. இது வழியா மட்டும் மூச்சு விட்டுக்கிட்டு மாடிக்குப் போயிட்டு வாங்க" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். பாதிப் படியில் கண் இருண்டது. நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைவதுபோல் இருந்தது. ஸ்ட்ராவைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நீங்க எடுத்துட்டீங்க. அவங்களால எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். எனக்கு அவர் கொடுத்த பயிற்சி ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் கூடப் போய்ப் பார்த்துக் கற்றது.

ஒவ்வொரு புது நோயாளியின் வீட்டுக்கும் முதல் தடவை அவரே வருவார். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். நோயாளி கட்டிலில் இருந்தால் முக்காலி, தரையில் இருந்தால் தரை. அவர் முகம் நோயாளியின் முகத்துக்கு மேலே இருக்கக் கூடாது. உட்கார்ந்ததும் பேசமாட்டார். கழுத்துக்குழி உள்ளே இழுக்கிறதா, தோள் தூக்குகிறதா, உதட்டின் நிறம் என்ன என்று பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சும் நோயாளியின் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும். தெரிந்து செய்கிறாரா, தன்னால் வருகிறதா என்று கடைசிவரை நான் கேட்டதில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எதைச் செய்ய முடியலைன்னு உங்களுக்கு வருத்தமா இருக்கு?"

நோய் எத்தனை வருடம், பீடி உண்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆத்தங்குடியில் ஒருவர், யாரும் தண்ணீர் ஊற்றிவிடாமல் தானே குளிக்க வேண்டும் என்றார். இன்னொருவருக்குக் கோயிலில் தீபாராதனை முடியும்வரை நிற்க வேண்டும். சொல்லும் பதிலை வைத்துத்தான் பயிற்சி. குளிக்க வேண்டும் என்றவருக்கு முக்காலியில் உட்கார்ந்து குளிக்கவும், செம்பைத் தூக்கும்போது மூச்சை வெளியே ஊதவும் பழக்குவோம். நுரையீரலில் போனது திரும்ப வராது. இருக்கும் மூச்சை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் எங்கள் வேலை.

வள்ளிக்கண்ணு அக்கா இருந்தது கீழச்சிவல்பட்டியில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர்கள் சென்னையில். அக்காவும் அவர் கணவர் கருப்பையா அண்ணனும் வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். அக்கா பலகாரம் போடுவதில் பேர் பெற்றவர். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் விறகடுப்பு முன்னால் விடியக்காலை உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுவாராம். தேன்குழலும் சீப்புச்சீடையும் பல ஊருக்குப் போயின. புகை மட்டும் அக்காவிடமே தங்கிவிட்டது. "பீடி சிகரெட்டு எதையும் தொட்டதில்ல, எனக்கு ஏன் இந்தச் சீக்கு?" என்று அவர் கேட்காத டாக்டர் இல்லை.

எங்கள் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அக்கா கணவரைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"ஃபோன்" என்றார் அக்கா. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "மகன்ட்ட... ஃபோன்ல... பேசணும்."

டாக்டர் காத்திருந்தார். அக்காவால் மேலே சொல்ல முடியவில்லை. அண்ணன்தான் சொன்னார்.

"ஒரே மகன் டாக்டர். பாண்டியன்னு பேரு. மலேசியாவுல இருக்கான். அங்குட்டே ஒரு பிள்ளையப் பாத்து, எங்ககிட்டச் சொல்லாமக் கல்யாணம் முடிச்சுட்டான். போட்டோதான் வந்துச்சு. இவ அப்ப கோவமாத்தான் இருந்தா. ஏழெட்டு மாசம் பேசல. அப்புறம் கோவம் போயிருச்சு. ஆனா அதுக்குள்ள இந்த இளைப்பு வந்துருச்சு. அவன் கூப்பிட்டா இவளுக்கு 'ம்', 'சரி', 'வைக்கிறேன்', இம்புட்டுத்தான் வருது. ஆத்தா இன்னமும் மனசுல வச்சிருக்குன்னு அவன் நினைக்கிறான்."

"நோய்னு சொல்லலாமே?" என்றேன் நான்.

அக்கா வேகமாகத் தலையசைத்தார். "சொன்னா... வேலைய விட்டுட்டு... வந்துருவான்." அதைச் சொன்ன களைப்புக்கு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டார்.

கோபம் எந்த நாளில் முடிந்தது, மூச்சிரைப்பு எந்த நாளில் தொடங்கியது என்று தொலைபேசியின் அந்தப் பக்கம் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

திரும்பும்போது டாக்டரிடம், "மகன் நம்பரை வாங்கி நாமளே சொல்லிடலாமா சார்?" என்று கேட்டேன். "அது அவங்க செய்தி, நம்ம செய்தி இல்ல. நீங்க ஃபோன் பேச வையுங்க" என்றார்.

வாரம் ஒருமுறை போனேன். விறகடுப்பை முதலில் நிறுத்தினோம். மூச்சோடு உள்ளே இழுக்க வேண்டிய இன்ஹேலர் மருந்தை அக்கா நாக்கில் அடித்துக்கொண்டிருந்தார், அதைச் சரிசெய்தேன். அந்த வீட்டின் நீண்ட தாழ்வாரம் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. ஒரு கோடியில் நாற்காலி, மறுகோடியில் நாற்காலி, நடுவில் நடை. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண் இறங்கினால் நிற்போம். கைகளுக்குத் தெம்பு வர ஆளுக்கொரு துவரம்பருப்புப் பொட்டலத்தை எடுத்துத் தூக்கி இறக்குவோம். உதட்டைக் குவித்து, சூடான பாலை ஆற்றுவதுபோல் மெதுவாக நீளமாக ஊதச் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏத்தா, காலமெல்லாம்... ஊதாங்குழல வச்சு... ஊதித்தானே நெஞ்சு போச்சு. இன்னமும் ஊதச் சொல்றீகளே!"

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்த சிரிப்பில் அவருக்கு இளைப்பு வர, முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடை தேறியது. குளிப்பது தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. ஏன் என்று பார்க்க, மகன் கூப்பிடும் நேரத்துக்கே ஒருநாள் போய் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோன் அடித்தது. அடித்த உடனே அக்கா எழுந்தார். பின்கட்டிலிருந்து முன்கூடத்தில் இருந்த ஃபோனுக்கு ஏறக்குறைய ஓடினார். நின்றபடி எடுத்துக் காதில் வைத்தார். 'ஹலோ' சொல்லும்போதே மூச்சு முடிந்துவிட்டது. மகன் குரல் கேட்ட பதற்றம் மிச்சத்தையும் தின்றுவிட்டது. "சரி... வைக்கிறேன்" என்று வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர். அது அழுகையா இளைப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் செய்தது பேச்சுப் பயிற்சி. எந்தப் புத்தகத்திலும் நான் அதை அப்படியே படித்ததில்லை. ஃபோனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தோம். அடித்தால் அடிக்கட்டும், அவசரமில்லை. முழங்கைகளைத் தலையணையில் ஊன்றி முன்னால் சாய வேண்டும். இரண்டு தடவை நீளமாக ஊத வேண்டும். ஸ்பீக்கரைப் போட வேண்டும், கையைத் தூக்கிப் பிடிப்பதற்கும் மூச்சு செலவாகும். பேச்சு வெளிமூச்சில்தான் வரும். காற்று முழுதும் தீரும் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொல் போதும்.

"மூணு சொல்லுல... என்னத்தப் பேச?" என்றார் அக்கா.

"கேள்வி கேளுங்கக்கா. நீங்க கேட்டுட்டு ஊதிக்கிட்டு இருக்கலாம். அவுக பேசட்டும்."

நான்தான் பாண்டியன் என்று வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். "சாப்பிட்டியா?" என்றார் அக்கா. "சாப்பிட்டேன்" என்றேன். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. "இது ஆகாதுக்கா. உடனே உங்க பக்கம் திரும்பிருச்சே. பதில் நீளமா வர்ற மாதிரி ஒண்ணு கேளுங்க."

அக்கா வெகுநேரம் யோசித்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சுமதிக்கு... என்ன சமைக்க வரும்?"

கதவோரம் நின்ற கருப்பையா அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்த மருமகளின் பெயரை அக்கா சொல்லி அவர் கேட்டதில்லையாம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் நான் அங்கே இருக்கும்போதே அழைப்பு வந்தது. அக்கா அடிக்க விட்டார். சாய்ந்தார், ஊதினார், எடுத்தார். "அம்மா, நல்லாருக்கியா?" என்றது குரல். நாலைந்து வருடமாக ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு, பதிலை எதிர்பார்க்காமல் கேட்கும் குரல்.

"நல்லாருக்கேன்ப்பா." ஒரு ஊதல். "சுமதிக்கு... என்ன சமைக்க வரும்?"

அந்தப் பக்கம் ஓசையே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அம்மா... என்ன கேட்ட?"

"உம் பொண்டாட்டி... என்ன சமைப்பா?"

அவன் பேச ஆரம்பித்தான். சோறு குழைந்துபோவதைச் சொன்னான். ரசத்தில் அன்னாசிப்பழம் போடுவதைச் சொன்னான். தங்கள் சிறு மகளுக்கு ஊட்ட ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கதை சொல்கிறாள் என்றான். அணை திறந்தாற்போல் பேசிக்கொண்டே போனான். அக்கா உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே கேட்டார். சிரிப்பதற்கு வாய் விரியும், உடனே குவித்துக்கொள்வார். நான் ஒரு மூலையில் கையில் பருப்புப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். என் வேலையில் அப்படி ஒரு மதியம் அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் நான் போனதும் அக்கா கேள்வி தயார் செய்துவைத்திருப்பார். "பேத்தி எப்படித் தூங்கும்?" "உங்க வீட்டு வாசல்ல என்ன தெரியும்?" மூச்சை மிச்சம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த உபாயம் அது. ஆனால் அந்தக் கேள்விகள் வழியாக அவர் அந்த வீட்டுக்குள் போய் வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் சளி பிடித்தது. எத்தனை நாள் தேறிய உடம்பும் ஒரே வாரத்தில் இறங்கியது. மருத்துவமனையில் சேர்த்து, பிழைத்து, வீட்டுக்கு வரும்போது கூடவே ஆக்சிஜன் மெஷினும் வந்தது. அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும் பெட்டி. இரவும் பகலும் உறுமும்.

ஒருநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். பெட்டியின் உறுமல் இல்லை. அக்கா ஃபோனில் இருந்தார். குழாயைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். உதடு கருநீலமாக இருந்தது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தேன். எண் மிகவும் இறங்கியிருந்தது. ஃபோனை நானே அணைத்துவிட்டு மெஷினைப் போட்டேன்.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீக?" சத்தம் போட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன்தான் பதில் சொன்னார். "அது என்ன சத்தம்னு போன வாரம் கேட்டான். கிரைண்டருன்னு சொன்னேன். தினமுமா மாவாட்டுவீகன்னு கேக்குறான். அதான் அவன் கூப்பிட்டா அணைச்சுர்றா. நான் சொன்னாக் கேக்கல."

மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன். இனியும் மகனிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று வாதாடினேன். மறுநாள் அவரே அக்கா வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் அக்காவோடு சேர்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின் இல்லாம எத்தனை நேரம் பேசுறீங்க?"

"கொஞ்ச... நேரந்தான்."

"அந்தச் சத்தம் என்னன்னு மகன் கேக்குறாரே, அதுக்குப் பதில் சொல்ல எத்தனை மூச்சு வேணும்?"

அக்கா மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு வேணும். உங்ககிட்ட அது இருக்கு" என்றார் டாக்டர். பிறகு எழுந்து, அக்காவுக்குக் கைகூப்பிவிட்டு வெளியே போனார். பயமுறுத்தவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை.

மெஷினைப் பற்றி மகனிடம் சொல்லப்போகும் வாக்கியத்தையும் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். எங்கே நிறுத்துவது, எங்கே ஊதுவது என்று சொல்லிக்கொடுத்தேன். மற்ற நேரங்களில் அவர் ஒத்திகையில் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

மகன் கூப்பிட்டபோது நான் கிளம்பப் பார்த்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, இன்னைக்கும் கிரைண்டரா?"

"கிரைண்டர் இல்லப்பா." ஊதினார். "எனக்கு மூச்சுக் குடுக்குற மெஷினு."

"என்ன சொல்ற?"

"நெஞ்சு சரியில்ல... நாலஞ்சு வருசமா." மறுபடி ஊதினார். "பேச வராது. அதான்... வச்சுருவேன்."

அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் ஒரு சிறுவனுடையதுபோல் இருந்தது.

"அப்ப... கோவம் இல்லையாம்மா?"

"கோவமா?" என்றார் அக்கா. "அதுக்கு ஏதுடா மூச்சு?"

அவன் அழுதான். அழுகிறவனிடம் 'அழாதே' என்று சொல்லக்கூட அக்காவிடம் காற்று மிச்சமில்லை. ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அதோடு நல்லபடியாக முடிந்துவிடவில்லை. மறுநாள் பாண்டியன் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினானாம். "ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்திட்டீக. நான் மகனா, மூணாவது ஆளா?" அதன்பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அழைப்பே இல்லை. அக்கா ஃபோனைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். நடக்க வரமாட்டேன் என்றார். "கேள்வியெல்லாம் சேந்து கிடக்கு, தங்கச்சி" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். சொல்லச் சொன்னது தப்போ என்று எனக்கே உறுத்தியது.

பொங்கலுக்கு முந்தின வாரம் பாண்டியன், சுமதி, குழந்தை மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். இத்தனை வருடம் சேர்த்துவைத்ததை எல்லாம் அக்கா பேசித் தீர்ப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் பேசவே இல்லை. கட்டிலில் சாய்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுமதிதான் பேசிக்கொண்டிருந்தாள். பேத்தி, பாட்டியின் மூக்குக் குழாயை முதல் நாள் பயந்து பார்த்தது. இரண்டாம் நாள் ஒரு நூலைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் திரிந்தது.

பாண்டியன் என்னிடம் பயிற்சியைக் கேட்டுக் கற்றுக்கொண்டான். அம்மாவுக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஊதிப் பார்த்தான். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து சொன்னான்: "அம்மா மூச்சு வாங்குறது எனக்கு ஃபோன்ல கேட்டுக்கிட்டேதாங்க இருந்துச்சு. லைன் சரியில்லன்னு நினைச்சேன்."

அக்கா அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் உயிரோடு இருந்தார். டாக்டர் ஓய்வுபெற்றுத் தன் ஊருக்குப் போனார். அடுத்து நானும் ஓய்வுபெற்றேன். அந்தப் பெரிய வீடு இப்போது தங்கும் விடுதி. திருப்பத்தூர்ப் பேருந்தில் அந்தச் சாலை வழியாகப் போகும்போது கழுத்து தானாகத் திரும்புகிறது. செவ்வாய்க்கிழமை காலை என்றால் இன்னமும் வண்டிச் சாவியைத் தேடுகிறேன். எந்தக் கதவும் எனக்காகத் திறந்துவைக்கப்படவில்லை என்பது சாவி கையில் அகப்பட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண்கள் கேட்டார்களே, போய் என்ன செய்தீர்கள் என்று. பாண்டியன் குடும்பம் மலேசியாவுக்குத் திரும்பிய நாளைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டும் என்றார் அக்கா. பின்கட்டிலிருந்து முன்வாசல் வெகுதூரம். சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை அண்ணன் தூக்கிக்கொண்டார், நான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். வழியில் இரண்டு இடத்தில் நாற்காலி போட்டிருந்தோம். ஒன்றில் மட்டும் உட்கார்ந்தார். மற்றதைக் கண்டுகொள்ளாமல் நடந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் காலில் விழுந்தான், சுமதி விழுந்தாள். அக்கா அவள் கன்னத்தைத் தொட்டார். கார் கிளம்பியது. பின்கண்ணாடியில் குழந்தை உதட்டைக் குவித்து ஊதிக் காட்டியது. தெரு திரும்பும்வரை அக்காவும் ஊதினார். முதுகில் தாங்கலாக வைத்திருந்த என் உள்ளங்கைக்குக் கீழே அவர் விலா எலும்புகள் விரிந்து சுருங்கின.

"போயிட்டாகளா?"

"போயிட்டாகக்கா. உள்ள போவோமா?"

அவர் வெறும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, வேண்டிய இடத்தில் நிறுத்தி, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே சொன்னார்.

"போய் இறங்கினதும்... கூப்பிடுவான். அதுவரைக்கும்... என்ட்ட யாரும் பேசாதீக."